ஒண்ணு கூட்டிப் போடு

மனித இனம் விரல்விட்டு எண்ணத் தொடங்கிய நாள் முதலாக இழைத்து வந்திருக்கும் கணக்குப் பிழைகள் யாவும், வருகிற புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு மேல் பன்னிரண்டு மணிக்குள், மதுரைத் தல்லாகுளத்தில் ஒரு முடிவுக்கு வருகின்றன. அழைப்பிதழில் இப்படித்தான் அச்சாகியிருந்தது. தேதியும் சரியாகத்தான் போட்டிருந்தார்கள். ஆனால் அந்தத் தேதியில் வந்தது வியாழக்கிழமை.

அத்தனை அழைப்பிதழிலும் புதனை அடித்து வியாழன் என்று எழுதும் வேலை முத்திருளன் தலையில் விழுந்தது. வைகைச் சமவெளிக் கூட்டுறவு நூற்பாலைகள் சம்மேளனத்தில் அவன்தான் கம்ப்யூட்டர் ஆள். கம்ப்யூட்டர் ஆள் என்றால் எந்தப் பிழையாக இருந்தாலும் திருத்தக் கடமைப்பட்டவன் என்பது பொது மேலாளர் ஹாலாஸ்யத்தின் கொள்கை. கழிப்பறைக் குழாய் ஒழுகியபோதும் முதலில் அவனைத்தான் கூப்பிட்டு அனுப்பினார்.

முத்திருளனுக்கு வயது நாற்பத்தொன்று. பார்க்கிறவர்கள் ஐம்பது சொல்வார்கள். மிச்சத்தை பஸ் சேர்த்துக்கொண்டது. வீடு வாடிப்பட்டியில். விடியற்காலையில் எழுந்து, மதுரைக்கு ஒரு பஸ், அங்கிருந்து தல்லாகுளத்துக்கு ஒரு டவுன் பஸ். சாயங்காலம் அதே இரண்டும் திருப்பிப் போட்டாற்போல். பதினோரு வருடமாக நின்றுகொண்டே போய், உட்கார்ந்து வேலை பார்த்து, நின்றுகொண்டே திரும்புகிறான். அவனுக்கு இந்த உலகத்தில் ஓர் ஆசைதான் பாக்கி இருந்தது. சம்மேளனத்தின் பஞ்சுக் கிடங்கு ஒன்று வாடிப்பட்டியில், அவன் வீட்டுக்குப் பின்தெருவில் இருந்தது. கிடங்கு அலுவலர் ஓய்வு பெற்று அந்த நாற்காலி காலியாகக் கிடந்தது. பஞ்சுப் பொதி உள்ளே வந்தால் பார்க்க வேண்டும். வெளியே போனால் பார்க்க வேண்டும். மத்தியானம் வீட்டுக்கு வந்து சுடுசோறு சாப்பிட்டுவிட்டு, பொதிமேல் சாய்ந்து அரைமணி கண்ணை மூடலாம். ஜில்லாவிலேயே கம்ப்யூட்டர் தெரிந்த நாலைந்து பேரில் ஒருவன் பஞ்சு மூட்டைக்கு ஏங்குகிறான் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். அதனால் அவன் யாரிடமும் சொல்லவில்லை, ஹாலாஸ்யத்தைத் தவிர.

"மிஷின் ஒழுங்கா ஓடட்டும். சேர்மன் முன்னாடி ஒரு பிழை இல்லாம ஓடிக் காட்டட்டும். அன்னிக்கே கையெழுத்துப் போட்டுடறேன்" என்று அவரும் வாக்குக் கொடுத்திருந்தார்.

மிஷின் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, ஹாலாஸ்யம் அதில் கை வைக்கும் வரையில்.

அந்த இயந்திரத்தின் நினைவகம் மொத்தம் இருநூற்றைம்பத்தாறு கிலோ. கிலோ என்றால் எடையில்லை, ஓர் அளவு. அலுவலகத்தில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். ஒவ்வொரு முறை உயிர்ப்பிக்கும்போதும் அதன் ஆபரேட்டிங் சிஸ்டம் மூன்று எண் கேட்கும்: எனக்கு எவ்வளவு, ஆலைகளின் சம்பளக் கணக்குக்கு எவ்வளவு, நூல் இருப்புக் கணக்குக்கு எவ்வளவு? ஐம்பத்தாறு, நூறு, நூறு என்று முத்திருளன் தட்டுவான். கூட்டினால் இருநூற்றைம்பத்தாறு. இயந்திரம் கூட்டிப் பார்க்காது. தட்டுகிறவன் பார்த்திருப்பான் என்று நம்பிவிடும். வெளிநாட்டில் செய்தது.

போன விஜயதசமியன்று இயந்திரத்துக்கு மாலை போட்டு, பொட்டு வைத்து, அந்த மூன்று எண்ணையும் தம் கையாலேயே தட்டுவேன் என்று உட்கார்ந்தார் ஹாலாஸ்யம். தட்டினார்: ஐம்பத்தேழு, நூற்றொன்று, நூற்றொன்று.

"சார்..." என்று வாயெடுத்தான் முத்திருளன்.

"என்ன சார்? மொய் எழுதறச்சே மொட்டையா நூறுன்னா எழுதுவேள்? ஒண்ணு கூட்டிப் போட்டாத்தானே வளரும்!"

அடுத்த வார்த்தை சொல்வதற்குள் கற்பூரத் தட்டு வந்துவிட்டது. ஒற்றிக்கொண்டு நகர்ந்தான்.

அன்று மாலை, மூன்று ஆலைகளின் சம்பளச் சீட்டுகள் அத்தனையும் கருத்தக்கண்ணன் என்ற ஒரே காவலாளியின் பெயரில் அச்சாகி வந்தன. பிறகு இயந்திரம் தன் பெயரையே மறந்து படுத்துவிட்டது.

"அந்த மிசினுக்கு அப்பிடி என்னதாண்ணே சீக்கு?" என்று கேட்டான் வாடிப்பட்டி பஸ் கண்டக்டர் பேயாண்டி. கூட்டத்தை நெரித்துக்கொண்டு வந்து, முத்திருளன் அருகில் ஒரு நிமிடம் மூச்சு வாங்குவது அவன் வழக்கம்.

"எரநூத்தம்பத்தாறு ஸீட்டு உள்ள வண்டி மாப்ள. எரநூத்தம்பத்தொம்பது டிக்கெட்டக் கிழிச்சுட்டாக."

"இம்புட்டுத்தானா? நம்ம வண்டில தொங்கிக்கிட்டு வரல?"

"இதுல தொங்குறதுக்குப் படி கிடையாது. மிச்சம் மூணு பேரும் பின்னாடி எடம் இல்லன்னா, சுத்திக்கிட்டு முன்னாடி வந்து டிரைவர் மடில உக்காந்துருவாய்ங்க. டிரைவரு எங்கிட்டு வண்டிய ஓட்டுறது?"

"அதான் ஆத்துக்குள்ள எறங்கிருச்சாக்கும். எவன் கிழிச்சான் அந்த மூணு டிக்கெட்ட?"

"மொதலாளி."

"அப்பச் சரி" என்று விசில் அடித்துவிட்டு நகர்ந்தான் பேயாண்டி. அவனும் முதலாளியிடம் வேலை பார்க்கிறவன்தானே.

விபத்து பற்றி அறிக்கை கேட்டார் ஹாலாஸ்யம். 'கூட்டலில் பிழை நேர்ந்துவிட்டது' என்று எழுதிக் கொடுத்தான் முத்திருளன். மழை பெய்துவிட்டது என்பதுபோல. நேரே சொல்லியிருக்கலாமே என்று கேட்கலாம். ஹாலாஸ்யத்தின் அறைக் கடிகாரம் பத்து நிமிடம் பிந்தி ஓடுகிறது என்று நேரே சொன்னவர் பண்டகசாலைக் கருப்பு. இப்போது அவர் ராமநாதபுரத்துக்கும் அப்பால் ஓர் ஆலையில் உப்புக்காற்றைச் சுவாசித்துக்கொண்டிருந்தார். உண்மை சொன்னால் மாற்றல் நிச்சயம். எந்த ஊருக்கு என்பதுதான் நம் கையில் இல்லை.

அறிக்கையைப் படித்த ஹாலாஸ்யம் கொதித்தார். "கூட்டல் பிழையா? என் ஆபீஸ்லயா?" அந்தக் கொதிப்பிலிருந்து பிறந்ததுதான் கணக்குப் பிழைத் தடுப்பு நிலைக்குழு. உறுப்பினர்கள் மூவர். சிஸ்டத்தின் பங்குக்கு முத்திருளன். சம்பளக் கணக்கின் பங்குக்குத் தலைமைக் கணக்கர் சீதாராமன். தல்லாகுளத்தில் சொந்த வீடு, மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கிவிட்டு வரும் பாக்கியசாலி. நூல் இருப்பின் பங்குக்கு ஸ்யாமளா. இரண்டு வருடத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்தவள், ஆச்சரியப்படுவதை அண்மையில்தான் நிறுத்தியிருந்தாள்.

குழுவின் விதியை ஹாலாஸ்யமே வகுத்தார். ஒவ்வொருவரும் தத்தம் எண்ணைத் தனித்தனியே கணக்கிட்டு, உறையில் ஒட்டி, விழா மேடையில் அவரிடம் தர வேண்டும். ஒருவர் எண்ணை மற்றவர் பார்க்கக் கூடாது. ஏனென்றால் பிழை, மெட்ராஸ் ஐ மாதிரி, பார்த்தாலே தொற்றிக்கொள்ளும்.

"மூணையும் யாரு சார் கூட்டிப் பாக்குறது?" என்று ஸ்யாமளா கேட்டாள்.

"மூணு பேரும் தப்பே பண்ணலேன்னா கூட்டிப் பாக்க என்னம்மா இருக்கு? கூட்டிப் பாத்தா உங்களைச் சந்தேகப்படறதுன்னு ஆயிடாதோ?"

இதற்குப் பதில் சொல்லலாம். முத்திருளனுக்குக் களைப்பாக இருந்தது.

அன்று இரவு சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தவனை அவன் மனைவி ஒச்சாயி பார்த்தாள்.

"என்னங்க, கெடங்குக்கு மாத்துறோம்னாகளே, என்னதான் சொல்றாக?"

"மிசினு ஓடுனா மாத்துவாக."

"அது எப்ப ஓடும்?"

"அவுக கைய வைக்காம இருந்தா ஓடும்."

"அப்ப கைய வைக்காதீகன்னு சொல்றது?"

"சொன்னா ராமநாதபுரம்."

ஒச்சாயி யோசித்தாள். "எங்கப்பன் மொய் நோட்டுல ஒண்ணு கூட்டி எழுதும்னு தெரிஞ்சே, எங்காத்தா மடில ஒரு ரூவா கம்மியாத்தான் முடிஞ்சு குடுத்து விடும். சண்டையுமில்ல, சச்சரவுமில்ல."

முத்திருளன் கை சோற்றிலேயே நின்றது. பிறகு வேகமாகச் சாப்பிட்டான்.

ஹாலாஸ்யம் மூன்று எண்ணிலும் ஒவ்வொன்று கூட்டுவார். கூடுதல் மூன்று. அந்த மூன்றையும் முன்கூட்டியே தன் பங்கிலிருந்து குறைத்துவிட்டால் தீர்ந்தது கதை. ஐம்பத்தாறை ஐம்பத்து மூன்றாக்குவதென்றால் சிஸ்டத்திலிருந்து எதையாவது வெட்டி எறிய வேண்டும். எதை? தேடிப் பார்த்ததில், ஏதாவது கோளாறு வந்தால் என்ன கோளாறு என்று வாக்கியமாக எழுதிக் காட்டும் பகுதி ஒன்று இருந்தது. அதைத் தூக்கிவிட்டால் வாக்கியத்துக்குப் பதில் வெறும் எண் வரும். சரியாக மூன்று கிலோ. இந்த முறைதான் கோளாறே வரப்போவதில்லையே. வெட்டினான். பல வருடங்களுக்குப் பிறகு அன்று பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டான்.

வியாழக்கிழமை வந்தது. புதன்கிழமையே வந்து காத்திருந்துவிட்டுப் போன நாலு பேரும் மறுபடி வந்தார்கள். சேர்மன் வீரணன் அம்பாஸடரிலிருந்து இறங்கினார். சோழவந்தான் பக்கம் நெல்லும் வெற்றிலையும் விளைவிக்கிறவர். கம்ப்யூட்டர் அறையின் குளிருக்குத் துண்டை எடுத்துக் காதைச் சுற்றிக் கட்டிக்கொண்டார்.

ஹாலாஸ்யம் அரைமணி பேசினார். பூஜ்யத்தைக் கண்டுபிடித்த நாடு இது என்றார். அதற்குப் பிறகு என்ன செய்தோம் என்பதைச் சொல்ல நேரம் போதவில்லை. பிறகு உறைகளைக் கிழித்து, மூன்று தாளையும் கண்ணில் ஒற்றிக்கொண்டு, விசைப்பலகை முன் உட்கார்ந்தார்.

முத்திருளன் மனதுக்குள் தட்டிக்கொடுத்தான்: போடுங்கள் சார், ஐம்பத்துநாலு.

ஹாலாஸ்யம் ஐம்பத்து மூன்று என்று தட்டினார்.

முத்திருளன் நாற்காலி அருகே குனிந்தான். "சார், ஒண்ணு... கூட்டிப் போடலையா?" என்று தன் வாழ்நாளில் முதல்முறையாகக் கேட்டான்.

ஹாலாஸ்யம் திரும்பி, சேர்மனுக்கும் கேட்கும்படிச் சொன்னார்: "குழு போட்ட எண்ணுல கை வைக்க நான் யாருய்யா?"

அடுத்து தொண்ணூற்று நாலு என்று தட்டினார். பிறகு தொண்ணூற்றேழு.

முத்திருளன் ஸ்யாமளாவைப் பார்த்தான். ஸ்யாமளா சீதாராமனைப் பார்த்தாள். சீதாராமன் ஏ.ஸி. பெட்டியை, அது ஏதோ தம்மிடம் கேட்டதுபோல, கூர்ந்து பார்த்தார்.

விளங்கிவிட்டது. ஹாலாஸ்யம் கூட்டுவார் என்று மூன்று பேருக்கும் தெரியும். மற்ற இரண்டு பேருக்கும் அதைத் தடுக்கத் தைரியம் வராது என்றும் மூன்று பேருக்கும் தெரியும். ஆகவே மூன்று பேரும் தனித்தனியாக, ரகசியமாக, சம்மேளனத்தைக் காப்பாற்றியிருந்தார்கள். சீதாராமன் தணிக்கை பார்த்துப் பழகியவர், அவர் இரண்டு தடவை காப்பாற்றியிருந்தார்.

இயந்திரம் விழித்துக்கொண்டது. நூல் இருப்புக் கணக்குக்கு நூறு கிலோ வேண்டும், தொண்ணூற்றேழுதான் இருந்தது. சம்பளக் கணக்கின் நிலைமை அதைவிட மோசம். ஆனால் நினைவகத்தின் கடைசியில் பன்னிரண்டு கிலோ யாருக்கும் இல்லாமல் காலியாகக் கிடந்தது. பின்னால் பன்னிரண்டு ஸீட் காலியாக இருக்க, கண்டக்டர் இடமில்லை என்று வண்டியை எடுக்கிற மாதிரி. 'இந்த வேலைக்கு ஒதுக்கிய இடம் போதவில்லை' என்று எழுதிக் காட்ட இயந்திரத்துக்குத் தெரியும். அந்த வாக்கியத்தைத்தான் முத்திருளன் வெட்டி எறிந்திருந்தான்.

"கேளுங்கோ சேர்மன் சார், எந்த மில்லுல எவ்வளவு நூல் இருக்குன்னு கேளுங்கோ!" என்றார் ஹாலாஸ்யம்.

"நம்ம சோழவந்தான் மில்லுல எம்புட்டுக் கெடக்குன்னு கேளும்யா."

ஹாலாஸ்யம் தட்டினார். அச்சுப்பொறி கரகரவென்று உறுமி, பெரிய தாளில் சின்னதாக ஒன்று எழுதியது: 14.

"பதினாலு பேல் நூல்!" என்று அறிவித்தார் ஹாலாஸ்யம். கை தட்டினார்கள். முத்திருளன் தட்டவில்லை. அது பதினாலாம் எண் கோளாறு என்று அந்த அறையில் அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

"அட, இருக்கும் இருக்கும்" என்று சேர்மன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "திருமங்கலம்?"

14.

"உசிலம்பட்டி?"

14.

சேர்மன் துண்டைக் காதிலிருந்து இறக்கினார். "நம்ம மேலூர் மில்லு?"

14.

"ஏம்யா, மேலூர் மில்ல மூடி மூணு வருசமாச்சு. மிசினையும் பேத்து வித்தாச்சு. உள்ள ஆடு கட்டியிருக்கான். அங்க ஏதுய்யா பதினாலு பேலு?"

ஏ.ஸி. பெட்டி சொட்டியது.

"ஆடு இருக்கலாம் சார், பதினாலு" என்றாள் ஸ்யாமளா மெல்ல, முத்திருளனுக்கு மட்டும் கேட்கும்படி. அவனுக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை. வாடிப்பட்டிக் கிடங்கும், சுடுசோறும், பொதியும் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவைச் சாத்திக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சேர்மன் சால்வையை வாங்கிக்கொண்டு, பழத்தட்டை டிரைவரிடம் கொடுத்துவிட்டு, "அடுத்த தடவ அந்த மிசினையும் ஆட்டுக்குப் பக்கத்துல கட்டிருங்க" என்று சொல்லி வண்டியேறினார்.

மறுநாள் விசாரணை. மூவரையும் வரிசையாக நிற்கவைத்து, ஏன் எண்ணைக் குறைத்தீர்கள் என்று கேட்டார் ஹாலாஸ்யம். நீங்கள் கூட்டுவீர்கள் என்றுதான் என்று யார் சொல்வது? மூவரும் 'ஒரு பாதுகாப்புக்கு' என்றார்கள்.

"நான் அப்பவே நெனச்சேன்" என்றார் ஹாலாஸ்யம். "ஒண்ணு கூட்டிப் போடாம விட்டேன் பாருங்கோ, அதான் இப்படி ஆயிடுத்து. இனிமே குழுவும் வேண்டாம், கிழுவும் வேண்டாம். நானே போட்டுக்கறேன்."

பிறகு தண்டனைக்கு வந்தார். பொறுப்பானவர் தலைமையகத்தில் நீடிக்க முடியாது. காலியாக இருக்கும் ஓர் இடத்துக்கு அனுப்பப்படுவார். காலியாக இருக்கும் ஒரே இடம் வாடிப்பட்டிப் பஞ்சுக் கிடங்கு.

முத்திருளனின் முதுகு தானாக நிமிர்ந்தது. ஒரு காலடி முன்னால் வைத்தான்.

"சார், தப்பு பூராவும் என்னுதுதான் சார். நான்தான் மூணு கொறச்சேன்."

"நானும் மூணு" என்றாள் ஸ்யாமளா, முன்னால் வராமல்.

"நீர்?" என்று சீதாராமன் பக்கம் திரும்பினார் ஹாலாஸ்யம்.

"ஆறு" என்றார் சீதாராமன். முப்பது வருடம் கணக்கெழுதியவர். வாய் தானாக உண்மையைச் சொல்லிவிட்டது.

"சார், என்னுது வெறும் மூணு இல்ல சார்" என்று முத்திருளன் பதறினான். "மிசினு என்ன கோளாறுன்னு சொல்ல வந்துச்சு. அது நாக்க நாந்தான் வெட்டுனேன். அந்தப் பதினாலு என்னாலதான் சார் வந்துச்சு."

"மூணுன்னா மூணுதானே?"

"ஸ்யாமளாம்மா மூணையும் என் கணக்குல சேத்துக்கங்க சார். ஆறாயிரும்."

"எடுத்துக்கட்டும் சார், எனக்கு ஆட்சேபணை இல்ல" என்றாள் ஸ்யாமளா.

ஹாலாஸ்யம் அவனை இரக்கத்தோடு பார்த்தார். "ஒருத்தர் பிழையை இன்னொருத்தர் பேர்ல எழுதப்படாது, முத்திருளன். அதுக்குப் பேர்தான் கணக்குப் பிழை."

இப்போது காலை பஸ் சமயநல்லூரில் கொஞ்சம் நிற்கும்போது, மதுரையிலிருந்து வாடிப்பட்டி போகும் பஸ் எதிரே வந்து நிற்கிறது. கூட்டமில்லாத திசை. ஜன்னலோர ஸீட்டில் சீதாராமன் உட்கார்ந்திருக்கிறார். மடியில் டிபன் கேரியர். முதல் இரண்டு வாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இப்போதெல்லாம் கையை ஆட்டுகிறார். கிடங்கில் மத்தியானத் தூக்கம் நன்றாக வருகிறதாம். பின்தெருவில் ஒரு வீட்டில் அந்தம்மா மோர் கொடுத்து உதவுகிறாளாம், பேர் ஒச்சாயி என்று ஜன்னல் வழியே பேயாண்டியிடம் சொல்லியிருக்கிறார்.

"ஏண்ணே, அம்புட்டுப் பெரிய தப்பு பண்ணுன நீங்க இன்னும் இங்கிட்டே வாரீக, அவுக அங்கிட்டுப் போறாக?" என்று கேட்டான் பேயாண்டி.

முத்திருளன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் செய்த பிழை மூன்றுதான். மாற்றலுக்கு ஆறு வேண்டியிருந்தது.